மீனின் வாய்

காலை ஆறு மணிக்குக் காற்று லாரி வந்தது. செவ்வாய்க் குடியேற்றத்தின் ஒன்பதாம் தெருப் பெண்கள் காலி உருளைகளோடு முண்டியடித்தார்கள். வீட்டுக்கு இரண்டு உருளைக் காற்று; சண்டைக்கு மட்டும் அளவில்லை.

"போன மாசம் ஒண்ணே போதுமா இருந்துச்சு. இப்ப ரெண்டும் பத்தலை," என்றாள் செங்கமலம், மூச்சிரைக்கும் நான்கு வயது மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டே. "லாரிக்காரன் திருடறான். நீங்க ஒரு ஆபீசர், கேட்க மாட்டீங்களா?"

அவள் கணவன் இளம்பரிதிக்கு வேறு கவலை. அவன் சுவர்க் கண்காணிப்பு அதிகாரி. தெருக்கோடியில், குடியேற்றத்தை மூடியிருந்த கூடாரச் சுவரில், யாரோ செந்தூளைக் குழைத்து ஆளுயர மீன் ஒன்றை வரைந்திருந்தார்கள். வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும் மீன். வரைந்தவனை இன்றைக்கே பிடிக்க வேண்டும் என்பது ஆணையரின் உத்தரவு.

லாரிக்காரனின் விரல் நுனிகள் சிவப்பாகத் தெரிந்தன. எதிர்வீட்டுக்காரர் இளம்பரிதியைக் கண்டதும் கதவைச் சாத்தினார். போதாக்குறைக்கு, மனைவி மேலும் சந்தேகம் வந்தது.

"கோலப் போட்டியில பரிசு வாங்கினவ நீதானே?"

"ஆமா, உருளை தூக்கற கையால மீன் வேற வரையறேன். போங்க அந்தப் பக்கம்!"

மறுபடி சுவரைப் பார்த்தான். சட்டென்று உறைத்தது. நேற்று ஒட்டிய கல்யாணப் போஸ்டர்கூடச் சுரண்டப்பட்டிருந்தது. மீன் மட்டும் அப்படியே இருந்தது. தினமும் இந்தச் சுவரைத் துடைப்பது யார்?

மேலே நண்டுபோல் தொற்றிக்கொண்டிருந்தது பதினான்காம் எண் சுவர்த்துடைப்பி எந்திரம். எட்டுக் கைகளிலும் செந்தூள்.

"நீதானா?"

"நான்தான் சார். மீனோட வாய்க்குள்ள பாருங்க."

கையை நீட்டினான். சட்டைக் கை விருட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டது. மயிரிழை விரிசல். தெருவின் மூச்சு அதன் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"அறுபத்து மூணு மனு போட்டேன் சார். எல்லாத்துக்கும் ஒரே பதில். 'நேரில் பார்வையிடப்பட்டது. குறை எதுவும் இல்லை.' கீழே உங்க கையெழுத்து."

டீ ஆறுவதற்குள், இருக்கையை விட்டு எழாமலே, மொத்த மனுக்களையும் இளம்பரிதி அப்படித்தான் தினமும் முடித்துவைப்பான். மகளின் இரைப்பு காதில் கேட்டது. அங்கேயே நின்று அறுபத்து நான்காவது மனுவைத் தானே எழுதி ஆணையருக்கு அனுப்பினான்.

மனு போன வேகத்தில் ஆணையரே வந்துவிட்டார், புகைப்படக்காரர்களோடு. மீனைப் பார்த்ததும் தன் உத்தரவையே மறந்தார்.

"அடடா! யாருய்யா இந்தக் கலைஞன்?"

"ஐயா, அந்த வாயை உடனே அடைக்கணும். காத்து..."

"அடைச்சா மீனோட தவிப்பே போயிடுமேய்யா! கொஞ்சமாவது ரசனை வேணும்."

மீனைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மற்ற எட்டுத் தெருக்களும் திரண்டு வந்து, மிச்சமிருந்த காற்றையும் இழுத்துவிட்டபடி படம் எடுத்துக்கொண்டன. கூட்டத்துக்கு வெளியே மகளைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள் செங்கமலம்.

இளம்பரிதியின் மணிக்கட்டுத் திரை மினுங்கியது. அவன் மனுவுக்குப் பதில். மீனின் மேல் சாய்ந்து நின்றபடியே ஆணையர் கையெழுத்திட்டிருந்தார்.

'நேரில் பார்வையிடப்பட்டது. குறை எதுவும் இல்லை.'