ஏழு கதவு வீட்டில் காணாமல் போன மோதிரம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கதவைச் சாத்தத் தெரியாது. அறைந்துவிட்டுப் போவார்கள், கீல் கழன்றால் மாட்ட ஒனேசிம் கிழவன் இருக்கிறானே என்ற திமிர். மேடை நாடகமாக நடந்தபோது இந்தக் கேலிக்கூத்துக்கு நான்கு கதவு போதுமாக இருந்தது. படமாக எடுக்கக் கிளம்பியதும் ஏழு வேண்டுமாம். ஏழும் தச்சர் ஒனேசிம் அடித்தவை. எதைத் திறந்தாலும் பின்னால் வீடில்லை, இருட்டுதான்.

1932. மார்ன் ஆற்றங்கரை ஸ்டூடியோ. பிற்பகல் மூன்று இருபது.

விளக்குகள் அணைந்தும் அவற்றின் சூடு மிதந்துகொண்டிருந்தது. பவுடர் பூசிய முகங்கள் தூக்கத்தில் நடப்பவை போல நகர்ந்தன. கதாநாயகி செவ்ரின் தன் வெறும் விரலைப் பார்த்தபடி ஒப்பனை அறையிலிருந்து வந்தாள். படத்தில் அவள் கல்யாணமாகாதவள்; காட்சிக்காகக் கழற்றி வைத்த மோதிரத்தைக் காணோம்.

மூன்று நாற்பதுக்கு இன்ஸ்பெக்டர் வெர்னோல் வந்தார். சாட்சி தயாராக இருந்தான்: தயாரிப்பாளரின் மருமகன் ரெய்னால். படப்பிடிப்புத் தளத்துப் பக்கமே வராமல், ஒப்பனை அறைக்கு எதிரே இருந்த சிறிய திரையிடல் அறையில் முந்தைய நாள் காட்சிகளைப் போட்டுப் பார்த்தே வாரத்தைக் கழித்தவன். இன்று மட்டும் மூன்று பத்துக்குக் காமிரா பக்கத்தில் நின்றானாம். ஹோட்டல் பரிசாரகனாக நடிக்கும் ஃபிர்மேன் நழுவி ஒப்பனை அறைக்குப் போனதைப் பார்த்தானாம்.

ஃபிர்மேனைத் தச்சுப் பட்டறையில் அடைத்தார்கள். பதினொரு வருடம் கூட்டத்தில் ஒருவனாக நின்றவன் இந்தப் படத்தில்தான் முதல்முறையாக வாய் திறக்கிறான், சூப் ஆறுகிறது என்று ஒரே ஒரு வரி. ஜெயிலுக்குப் போனால் அதையும் வெட்டிவிடுவார்கள். ஐந்தாம் கதவுக்குப் பின்னால் தனியே நின்றதாக அவன் அழுதான். தையல்காரிகள் தேநீரில் முக்கியெடுத்த ஏப்ரனிலேயே மூக்கைத் துடைத்தான். ஒனேசிம் அதைக் கழற்றி வாங்கிச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு தளத்துக்குப் போனார்.

“முதுகைத்தானே பார்த்தே, தம்பி? அவன்தான்னு எப்படித் தெரியும்?” என்று ரெய்னாலைக் கேட்டார்.

“ஏப்ரன் இருக்கே, பெரியவரே. பால் வெள்ளை. இருட்டுக்குள்ள நிலா போற மாதிரி போச்சு.”

“நல்லாப் பார்த்தியா?”

“உங்க கண்ணாலயா பார்த்தேன்?” என்று ரெய்னால் சிரித்தான்.

ஒனேசிம் ஏப்ரனை விரித்து விளக்கடியில் பிடித்தார். நல்ல பழுப்பு. வெள்ளைத் துணி விளக்கொளியில் படத்தைக் கெடுத்துவிடும் என்றுதான் இங்கே எல்லாவற்றையும் தேநீரில் முக்குகிறார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். கறுப்பு வெள்ளைத் திரையில் இந்தப் பழுப்புதான் வெளுத்து நிலாவாகிவிடும். தளத்தில் நின்றவன் எவனும் நிலாவைப் பார்த்திருக்க முடியாது.

“நீ ஃபிர்மேனைத் திரையிலதான் பார்த்திருக்கே. மூணு பத்துக்கு நீ இங்க இல்ல. இல்லாதவனுக்கு எதுக்கு சாட்சி வேலை?”

ரெய்னால் கையில் பிடித்திருந்த தோல் கையுறைகளை இன்ஸ்பெக்டர் வாங்கி உதறினார். மோதிரம் உருண்டு விழுந்தது.

மணி நான்கு ஐந்து. விளையாட்டுக்கு எடுத்தேன் என்று ரெய்னால் விம்மியபடி போலீசோடு போனான். பட்டறையைத் திறந்துவிட்டதும் ஃபிர்மேன் ஓடிவந்து கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க ஒருத்தர்தான் என்னை நம்பினீங்க, ஐயா.”

“நம்பினேன்னு யாரு சொன்னா? அவன் பொய் சொன்னான், அவ்வளவுதான். நீ கதவுக்குப் பின்னாடி நின்னதை நான் பார்க்கலையே.”

கையை உருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் நடந்தார்.