பெயர்த் தகட்டின் அடியில் ஒரு தீவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் நாடு வந்து இறங்கியது. லாரியில்தான் வந்தது.

கதவு வழியாக அது நுழையவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தார்கள், அப்போதும் நுழையவில்லை. சுவரில் கொஞ்சம் இடித்த பிறகுதான் குவைத் தன் பாலைவனம், கடற்கரை, எண்ணெய் வயல்கள் எல்லாவற்றோடும் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

நான்கு மீட்டர் மேஜையில் சுண்ணாம்புக் காரையால் செய்த நாடு. பொத்தானை அழுத்தினால் விளக்குகள் எரியும். எண்ணெய் வயல்களுக்கு நாற்பத்தேழு விளக்குகள். கடல் முழுவதற்கும் ஒன்று.

இதை அன்பளிப்பாகத் தந்தவர் அபூ மர்ஸூக். அவர் மரபுக் காப்புச் சங்கத்தின் தலைவர். அது போக இன்னும் ஏழு சங்கங்களுக்கும் அவர்தான் தலைவர். எட்டுப் பதவிகளையும் ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்து, அதைக் கடலின் மேல் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். அந்தத் தகடு, நாட்டின் மிகப் பெரிய தீவான பூபியானைவிட ஒரு விரல் நீளம் அதிகம்.

தேசிய நாள் விழாவில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பது மாணவிகள் அந்த மேஜையைச் சுற்றி நின்று, ஒன்பது தீவுகளைப் பற்றி ஆளுக்கு நான்கு வரி சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கனீமாவுக்குக் கிடைத்தது காரூ. ஒன்பதில் மிகச் சிறியது.

"உன் தீவுல நீ படுத்தா கால் ரெண்டும் கடல்ல நனையும்டி," என்றாள் அவள் தோழி வத்ஹா. அவளுக்கு ஃபைலக்கா தீவு கிடைத்திருந்தது. அந்தத் திமிர் அவளுக்கு. "என் தீவுக்குக் கிரேக்கருங்களே கப்பல்ல வந்து கோயில் கட்டியிருக்காங்க, தெரியுமா? உன் தீவுல என்ன இருக்கு?"

"கடல்பறவை."

"அப்புறம்?"

"கடல்பறவை எச்சம்."

வத்ஹா விழுந்து விழுந்து சிரித்தாள். கனீமாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்குக் காரூவைப் பிடிக்கும். போன அக்டோபரில் அப்பா அவளைப் படகில் அங்கே கூட்டிப்போயிருந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கரைக் கற்களில் கருப்பாகத் தார் ஒட்டியிருந்தது. அரபியில் தாருக்குக் 'கார்' என்று பெயர்; அந்தத் தாரால்தான் தீவுக்கே அந்தப் பெயர். அது கனீமாவின் செருப்பிலும் ஒட்டிக்கொண்டது. கூடவே ஒரு பொடிக் கல்லையும் பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. "அந்தச் செருப்பு வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்," என்று அம்மா சொன்னதால், அது இன்றுவரை பால்கனியில் ஒரு பையில் குடியிருக்கிறது.

ஒத்திகை தொடங்கியது. பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு தீவாகப் பெண்கள் விரலால் தொட்டுக் காட்டினார்கள். கனீமாவின் முறை வந்தது. அவள் விரல் கடலின் மேல் சுற்றியது; நின்றது; மறுபடியும் சுற்றியது.

காரூ இருக்கவேண்டிய இடத்தில் 'பெருமதிப்பிற்குரிய' என்று எழுதியிருந்தது.

"அப்லா, என் தீவு தகட்டுக்கு அடியில போயிடுச்சு!"

வகுப்பு ஆசிரியை அப்லா மனால் குனிந்து பார்த்தார். அட்லஸை எடுத்து வைத்து மறுபடி பார்த்தார். பிறகு கனீமாவை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார்.

"சின்னத் தீவுதானேம்மா," என்றார் தலைமையாசிரியை. "எட்டு இருக்கே, போதாதா? வர்ற விருந்தாளிங்க உட்கார்ந்து எண்ணிக்கிட்டா இருக்கப் போறாங்க?"

"தகட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சா?" என்றாள் கனீமா.

தலைமையாசிரியை பதறிப்போனார். "அது அவரோட பேரும்மா!"

"இது நாட்டோட தீவு, மிஸ்."

"நீ விழாவுல பூத்தட்டு தூக்கிட்டு வா. அழகா இருக்கும்."

கனீமா பூத்தட்டு தூக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். விழாவுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

முதலில் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு முத்திரைகளோடு பதில் வந்தது: 'தங்கள் தீவு குறித்த மனு அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும். அடுத்த கூட்டம் ரமலானுக்குப் பிறகு.'

அடுத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள்.

"ஒரு தீவு விஷயமாப் பேசணும்," என்றாள்.

"வாங்கவா, விக்கவா?" என்றார் செயலாளர்.

"எடுக்க. உங்க தகட்டுக்கு அடியிலேர்ந்து."

போன் வைக்கப்பட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் மீனும் சோறும். கனீமா மீனைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

"அப்பா, அபூ மர்ஸூக்கை நேர்ல பார்க்கணும்னா எப்படி?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் திவானியாவுக்கு யார் வேணா போகலாம். போய் உட்கார்ந்தா காபி குடுப்பாங்க. யாரையும் 'ஏன் வந்தே'ன்னு கேக்க மாட்டாங்க."

"அப்போ என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"அது ஆம்பளைங்க உட்கார்ந்து பேசுற கூடம்மா."

"சின்னப் பிள்ளைங்க போவாங்களே! பக்கத்து வீட்டு மிஷாரி போன வாரம் போய் ரெண்டு பாக்கெட் நிறைய சாக்லேட்டோட வந்தான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மீன் முள்ளைப் பார்த்தார். வேறு வழி இல்லை.

"சரி, வா. ஆனா நான் வாயைத் திறக்க மாட்டேன். என் மேலதிகாரியும் அங்கதான் உட்கார்ந்திருப்பாரு."

"நீங்க வண்டி ஓட்டினா போதும்ப்பா. பேசறதை நான் பார்த்துக்கறேன்."

செவ்வாய் வருவதற்குள் கனீமா ஓர் அளவுநாடாவோடு மூன்று இடைவேளைகளை அந்த மேஜையருகே கழித்தாள்.

அபூ மர்ஸூக்கின் திவானியாவில் நூறு பேர் உட்காரலாம். கூடத்துக்கு நடுவில் ஆட்டுமயிர்க் கூடாரம் ஒன்று அடித்திருந்தார்கள். அதற்குள் ஏசி ஓடியது. விறகடுப்பில் மின்சார நெருப்பு எரிந்தது. பஞ்சடைத்த வல்லூறு ஒன்று, யாரையும் பிடிக்கும் எண்ணம் இல்லாமல், கம்பில் உட்கார்ந்திருந்தது.

அபூ மர்ஸூக் தன் தாத்தாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்தோறும் சொல்லும் கதைதான்.

"...எதிரி கூடாரத்துக்குள்ள வந்துட்டான்! தாத்தா காபி குடுத்தாரு. அவன் குடிக்கல. கோப்பையைக் கீழே வெச்சுட்டான். நம்ம வழக்கம் தெரியும்ல? தேவையோட வந்தவன் குடிக்காம கீழே வெப்பான். வீட்டுக்காரன் அதைத் தீர்த்து வெச்சாத்தான் குடிப்பான். 'உன் தேவை என்ன?'ன்னாரு தாத்தா. 'உங்க வெள்ளை ஒட்டகங்கள்'னான். 'குடி! ஏழும் உன்னுது'ன்னாரு!"

போன வாரம் ஐந்து ஒட்டகங்கள்தான். யாரும் எண்ணவில்லை.

"அந்த வழக்கம் இந்த வீட்ல இன்னைக்கும் உண்டு," என்று அபூ மர்ஸூக் மார்பில் கை வைத்தார். "இங்க கோப்பையைக் கீழே வெச்சவன் வெறுங்கையோட திரும்பினதே கிடையாது!"

அது உண்மைதான். இதுவரை யாரும் கீழே வைத்ததில்லை.

காபி ஊற்றும் இத்ரீஸ், பித்தளைக் கூஜாவோடு வலப்பக்கத்திலிருந்து வந்தார். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள். குடித்தவர்கள் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆட்டாதவர்களுக்கு மறுபடி ஊற்றினார். கனீமாவைப் பார்த்துச் சிரித்து, அவளுக்கும் ஒரு வாய் ஊற்றினார்.

கனீமா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். முதுகை நிமிர்த்தினாள். கோப்பையைக் கம்பளத்தின் மேல் வைத்தாள்.

இத்ரீஸின் கூஜா காற்றில் அப்படியே நின்றது. ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"காபி கசக்குதா பாப்பா?" அபூ மர்ஸூக் சிரித்தார். "டேய், குழந்தைக்குச் சாக்லேட் கொண்டாங்கடா!"

வெள்ளித் தட்டில் சாக்லேட் வந்தது. மிஷாரி சொன்னது சரிதான்; தங்கக் காகிதம் சுற்றிய பெரிய சாக்லேட்டுகள். கனீமா எச்சிலை விழுங்கினாள். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"அபூ மர்ஸூக்," என்றார் மூலையிலிருந்து ஒருவர், மீசைக்குள் சிரித்தபடி, "கோப்பை கீழே இருக்குது. கேளுங்க."

வேறு வழியில்லை. ஏழு ஒட்டகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"உன் தேவை என்ன, மகளே?"

"ஒரு தீவு வேணும்."

கூடமே சிரித்தது.

"தீவா! உனக்கு எதுக்கு?"

"எனக்கில்லைங்க. நாட்டுக்கு. காரூ தீவு உங்க பேருக்கு அடியில மாட்டிக்கிட்டிருக்கு. எங்க பள்ளிக்கூட நாட்டுல எட்டுத் தீவுதான் இருக்கு."

"காரூவா?" அபூ மர்ஸூக் நெற்றியைச் சுருக்கினார். "அது எம்மாத்திரம்? ஒரு காக்கா உட்கார்ந்தா மறைஞ்சிடுமே! அதுக்கா இவ்வளவு..."

"அன்னைக்கு எனக்குப் பதினோரு வயசு," என்றது ஒரு குரல்.

கனீமா திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"ஈராக்காரன் கையில நாடு பறிபோய் ஆறு மாசம் ஆகப்போகுது. ரேடியோவைத் தலையணைக்கு அடியில வெச்சுக் கேட்டுட்டிருக்கோம். முதல்முதலா மீட்ட மண்ணுன்னு ஒரு பேரைச் சொன்னாங்க. காரூ. எங்கம்மா அடுப்பை அணைச்சிட்டு அப்படியே தரையில உட்கார்ந்து அழுதாங்க. அந்தத் தீவு எவ்வளவு பெருசுன்னு எங்க வீட்ல யாரும் கேக்கல."

அப்பாவின் மேலதிகாரி தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்று ஏதோ ஒரு வயது இருந்திருக்கும்.

அபூ மர்ஸூக்கின் கை மார்பிலிருந்து மெல்ல இறங்கியது. "ஆமா," என்றார். "நாங்களும் அந்த ரேடியோவைக் கேட்டோம்." கொஞ்ச நேரம் அவர் எந்தச் சங்கத்துக்கும் தலைவராகத் தெரியவில்லை. பிறகு சட்டென்று தகடு நினைவுக்கு வந்துவிட்டது. "சரி, தகட்டை வேற எங்கதான் வெக்கிறது?"

கனீமா பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தாள்.

"எல்லா இடமும் அளந்து பார்த்துட்டேங்க. வடக்க வெச்சா பூபியான் போயிடும். நடுவுல வெச்சா உங்க எண்ணெய் வயல் விளக்கெல்லாம் மறைஞ்சிடும். தெற்க வெச்சா பாதி சவூதியில போய் விழும். அவங்க கோவிச்சுக்குவாங்க."

மீசைக்காரர் குலுங்கிச் சிரித்தார்.

"மேஜையோட முன் விளிம்புல வெக்கலாம். வர்றவங்க கண்ணுக்கு அதான் முதல்ல படும். ஆனா விளிம்பு ஒடுக்கம். ரெண்டு பதவிதான் பிடிக்கும்."

"ரெண்டா!" அபூ மர்ஸூக் கம்பளத்தைப் பார்த்தார். கோப்பை அங்கேயே இருந்தது. ஆவிகூட அடங்கிவிட்டது. "மூணு?"

"எழுத்தைச் சின்னதாக்கினா மூணு."

பெருமூச்சு ஒன்று கூடாரத் துணியையே அசைத்தது.

"குடிம்மா. தீவு உன்னுது... நாட்டோடது."

ஆறிப்போன காபியை கனீமா ஒரே மடக்கில் குடித்தாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் சாக்லேட்டை எடுத்தாள். வத்ஹாவுக்கும் ஒன்று.

தகட்டைக் கழற்றியபோது கடலில் நான்கு ஓட்டைகள் இருந்தன. மூன்றை அப்லா மனால் நீலச் சாயம் கலந்த மாவால் அடைத்தார். நான்காவது ஓட்டை, அட்லஸை வைத்து எத்தனை முறை அளந்தாலும், சரியாகக் காரூ இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

கனீமா பால்கனிச் செருப்பைப் பையோடு கொண்டுவந்திருந்தாள். தாரில் ஒட்டியிருந்த பொடிக் கல்லைப் பென்சில் முனையால் நெம்பி எடுத்தாள். துவரம்பருப்பு அளவு. ஓட்டையில் வைத்து அழுத்தினாள். தாராலேயே அது கப்பென்று ஒட்டிக்கொண்டது.

விழாவன்று பெரிய மனிதர்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எட்டுத் தீவுகள் முடிந்தன. கனீமா விரலை நீட்டினாள்.

"நான் காரூ. ஒன்பது தீவுகளில் மிகச் சிறியவள். என் கரையில் தார் ஒட்டியிருக்கும். நாடு மீண்டபோது நம் கொடி முதலில் பறந்தது என் மேல்தான்."

எல்லோரும் குனிந்தார்கள். ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் குனிந்தார். அந்தப் பருப்பை எல்லோரும் பார்த்த பிறகுதான் கைதட்டினார்கள்.

அபூ மர்ஸூக் தொண்டையைச் செருமினார். "ஒன்பதாவது தீவு இல்லாம இந்தப் படம் முழுமையாகாதுன்னு நான் ஆரம்பத்துலேர்ந்தே வற்புறுத்தினேன்," என்றார் விருந்தினர்களிடம்.

வத்ஹாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "கேட்டியாடி அவர் விடற கதையை? போய்ச் சொல்லுடி!"

"விடு," என்றாள் கனீமா. "தீவு இருக்குல்ல?"

காபி வந்தது. பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தீவுப் பெண்களுக்கும் ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார்கள். கனீமா தன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ யோசனையில், மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். அங்கே புதுத் தகட்டில் மூன்று பதவிகள் பளபளத்தன.

பேசிக்கொண்டிருந்த அபூ மர்ஸூக் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"குடிச்சிடு கண்ணு!" என்றார். "சூடா இருக்கும்போதே குடிச்சிடு!"

கனீமா குடித்தாள். கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டினாள்.

போதும்.