ஐந்தாம் திட்டு

வயலின் மேற்கு வரம்போடு ஒரு மணல் மேடு கிடந்தது.

கதிர் அறுத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. தாளடி மட்டும் நின்ற அந்த வெறும் வயலில் முந்தின நாள் மாலை வரை அப்படி எதுவும் இருக்கவில்லை. மாட்டை மாற்றிக் கட்டப் போன விமலேஸ்வரி கிட்டப் போய்க் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். வட்டக்கச்சி மண் நனைந்தால் காலில் அப்பும், காய்ந்தால் கல்லாய் வெடிக்கும். இதுவோ வெள்ளை வெளேரென்று, சிப்பித் தூள் மினுங்க, விரலிடுக்கால் நழுவி ஓடியது. ஆடி வெயிலிலும் அடியில் ஈரம் காயவில்லை. பாசியும் உப்பும் கலந்த அந்த வாடையைத் தலைமன்னார்க் கரையில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால், இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் அரைநாள் வண்டி கட்டிப் போக வேண்டும்.

அவள் கணவன் நடராசா தேத்தண்ணிப் பேணியோடு வரம்புக்கு வந்தான். மேட்டைப் பார்த்தான். பேணி சரிந்து தேத்தண்ணி காலில் ஊற்றியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்து, மேட்டை நடுவால் இரண்டாகப் பிளந்து வெட்டினான்.

"அள்ளிக் கொட்டலாமே. ஏன் நடுவாலை வெட்டுறீங்கள்?"

"நீர் உம்மடை வேலையைப் பாரும்."

மறுநாள் இரண்டாவது மேடு வந்தது. இருபது பாகத் தூரம் தள்ளி, வீட்டுப் பக்கமாக. அதற்கு மறுநாள் மூன்றாவது. ஒவ்வொரு விடியலிலும் நடராசா மண்வெட்டியோடு போனான், நடுவால் வெட்டினான், முகம் வெளிறித் திரும்பி வந்தான். மேற்குப் பக்கத்து யன்னலைச் சாக்கால் அடைத்தான். கதிரையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போட்டு, மேற்குக்கு முதுகு காட்டியே சாப்பிட்டான்.

அயலில் கேட்பதற்கும் ஆளில்லை. குடியேற்றத்திட்டத்துச் சனத்தில் முக்கால்வாசி நல்லூர்த் தேருக்கென்று யாழ்ப்பாணம் போய்விட்டது. அடுத்த காணி நேசமலரும் பிள்ளைகளோடு போய்விட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, சோளகக் காற்று சட்டென்று விழுந்து, பனையோலைகூட அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில், வறண்டு கிடந்த வாய்க்கால் பக்கமிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சளக். சற்றுப் பொறுத்து, சளக். கரையில் கட்டிய வள்ளத்தின் வயிற்றைத் தண்ணீர் தட்டுவது போல. அதோடு ஒரு குழந்தையின் வறட்டு இருமல். விமலேஸ்வரி எட்டிப் பார்ப்பாள். வாய்க்காலில் வெடித்த களிமண்தான் கிடக்கும்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தம்பியை நினைப்பூட்டியது. அவனை நினைக்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள் அவள்.

யோகநாதன் அவளுக்கு ஐந்து வயது இளையவன். தகப்பன் விட்டுப்போன வள்ளத்தை அவன்தான் ஓட்டினான். இந்தியாவுக்குப் போய்விட்டு, கண்டித் தோட்டங்களுக்குச் சட்டப்படி திரும்பி வர வழியில்லாமல் நின்ற சனங்களை இருட்டோடு இக்கரைக்குக் கொண்டுவருவான். வயல்வேலை இல்லாத மாதங்களில் நடராசாவும் கூடப் போவான். போன மார்கழியில் நடராசா மட்டும் தனியே திரும்பி வந்தான். தம்பி பிறகு வருவான் என்றவன், அந்த மாதப் பெரும்புயல் ஓய்ந்ததும், "உம்மடை தம்பி இராமேச்சரத்திலை ஒருத்தியோடை இருந்திட்டான். வள்ளத்தையும் வித்துப்போட்டான்" என்றான். விமலேஸ்வரி தம்பியின் ஒரே படத்தை அடுப்பில் போட்டாள். இனி என் முகத்தில் முழிக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சின்ன வயதில் தகப்பனோடு வள்ளத்தில் போகும்போது, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை கடலில் வரிசையாகத் தலைகாட்டும் மணல் திட்டுகளை அவன் விரல்விட்டு எண்ணுவான். கதையும் சொல்லுவான்.

"அக்கா, இது ராமர் கட்டின அணை. ஆர் உடைக்கச் சொன்னது தெரியுமோ? விபீஷணன். தமையனைக் காட்டிக்குடுத்து முடி வாங்கினவனுக்கு அணை நிண்டால் நித்திரை வருமே? அவன் கேட்டுத்தான் ராமர் வில்லு நுனியாலை நடுவிலை வெட்டி விட்டவர்."

சனிக்கிழமை நான்காவது மேடு வேலிக்குள் வந்துவிட்டது. நடராசா அதையும் வெட்டிவிட்டு, களைத்து விழுந்தவன்போல மாட்டுக்கொட்டிலில் படுத்துக் கிடந்தான். பொழுது சாயத் தொடங்கிய நேரம், வேலிப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. பேசாலைக் கருவாடு கொண்டுவரும் அப்துல் மஜீத். போன மார்கழிப் புயலில் தன் வீடு போனபிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. இதுதான் முதல் தடவை.

செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி யோகநாதன் சுகமோ, தங்கச்சி? அவரைத் திட்டிலையிருந்து கொண்டுவந்து சேர்த்தாச்சுத்தானே?"

"எந்தத் திட்டு, நானா?"

மஜீத் அவள் முகத்தைப் பார்த்தார். செம்பை மெல்லக் கீழே வைத்தார்.

"புயலுக்கு ஐஞ்சு நாளைக்கு முந்தி என்ரை மச்சான்ரை தோணி அந்தப் பக்கம் போனது. ஐஞ்சாம் திட்டிலை பதினெட்டுச் சனம் குந்தியிருந்ததாம். பொம்பிளையள், குஞ்சு குருமன். உங்கட தம்பியும் நிண்டவர். வள்ளம் தண்ணி எடுத்ததாலை இறங்கினவை. வழியிலை வந்த தோணியொண்டிலை ஏறி அத்தான் வேறை வள்ளம் கொண்டுவரப் போயிட்டார் எண்டவராம். மச்சான்ரை தோணி சின்னன், ஒராள்தான் ஏறலாம். 'நீங்கள் ஏறுங்கோ தம்பி' எண்டதுக்கு மாட்டன் எண்டிட்டார். 'நானும் ஏறினால் இந்தச் சனம் ஆரை நம்பியிருக்கும்?' எண்டு கேட்டாராம்."

"பிறகு?"

"குடிதண்ணி முடிஞ்சுது எண்டு அத்தானிட்டைச் சொல்லச் சொன்னவர். பரந்தன் சந்தியிலை உங்கட மனுசனைக் கண்டு நானே சொன்னனான். உடனை போறன் எண்டவர் தங்கச்சி. என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவர்."

விமலேஸ்வரிக்கு அந்த நாள் நினைவு வந்தது. பரந்தனிலிருந்து வந்தவன் சோறு தின்றான். போர்த்திக்கொண்டு படுத்தான். காய்ச்சலாக்கும் என்று அவள்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். மூன்று நாள் படுத்திருந்தான். மூன்றாம் நாள் இரவு, ஊரெல்லாம் கூரை பறந்தது.

"அவர் போகேல்லை, நானா."

மஜீத் வாய்க்குள் எதையோ ஓதினார். கருவாட்டுப் பெட்டியைத் திறக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவள் கொட்டிலுக்குப் போனாள். நடராசா விழித்துத்தான் கிடந்தான். எல்லாம் கேட்டிருந்தான்.

"கரையிலை நேவிக்காரர் நிண்டவங்கள். பயந்திட்டன்," என்றான். "நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டுதான் கிடந்தனான். பிறகு புயல் வந்திட்டுது."

"அவன் ஒருத்தியோடை இருந்திட்டான் எண்டு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

அவன் கிழக்குப் பக்கம் புரண்டு படுத்தான்.

"நான் அவன்ரை படத்தை எரிச்சனான். பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"வெட்டிவிட்டால் கிட்ட வராதுகள், விமலம்," என்றான் அவன், வேறு யாருக்கோ சொல்வதுபோல. "நடுவாலை வெட்டிவிட்டால் கடக்க ஏலாதுகள்."

அப்போதுதான் அவளுக்குத் தம்பி சொன்ன விபீஷணன் கதை விளங்கியது. அழுகை வரவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலின் மேற்குக் கோடிக்கு நடந்தாள். முதல் மேட்டின் வெட்டைத் தூர்த்தாள். இரண்டாவதைத் தூர்த்தாள். பின்னால் கணவன் குழறுவது கேட்டது. கிட்ட வர அவனுக்குத் துணிவில்லை. மூன்றாவதில் மண்வெட்டியை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் மணலை இழுத்துப் போட்டாள். என் தம்பி வரட்டும். கால் நனையாமல் நடந்து வீட்டுக்கு வரட்டும். நான்காவதின் வெட்டில் கடைசிப் பிடி மணல் விழுந்தபோது சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது.

காற்று விழுந்தது.

மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சளக். இம்முறை வாய்க்காலில் அல்ல. வயல் முழுவதும். தாளடிக்கு மேலே ஏதோ மினுங்கிப் பரந்து வந்தது. அவள் பின்னுக்கு நடந்து முற்றத்துக்கு வந்தாள். பாதத்துக்கு அடியில் மண் இளகியது. வெள்ளையாகியது. உயர்ந்தது.

ஐந்தாவது மேடு. அவள் நிற்கும் இடத்திலேயே.

நடராசா சைக்கிளோடு கிழக்குப் படலையில் நின்றான். ஒரு கால் ஏற்கெனவே பெடலில்.

"நீர் உதிலையே நில்லும். அசையாதையும். நான் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"என்னையும் ஏத்துங்கோ!"

"இப்ப வந்திடுவன்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் றிம்மின் கிறீச்சுச் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்து தேய்ந்து போயிற்று. பிறகு அதுவும் இல்லை. அவன் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. பசிப்பது தெரிவதுபோல, சாதாரணமாகத் தெரிந்தது.

வீட்டுப் பக்கம் திரும்பினாள். வீடு இருந்த இடத்தில் தண்ணீர். குசினி இல்லை. கிணறு இல்லை. நாலு பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர். அலையில்லாத தண்ணீர்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

அவர்கள் குந்தியிருந்தார்கள். மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையாக, அவளுக்கு முதுகு காட்டி. ஒரு கிழவர். மூன்று குமர்ப்பிள்ளைகள். தலையில் துண்டு போட்ட பெண்கள். நடுவில் நெட்டையாக ஒருவன் மட்டும் நின்றான். அந்தத் தோள் அவளுக்குத் தெரியும்.

"தம்பி."

அவன் திரும்பினான். உதடுகள் உப்பில் வெடித்து வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டியிருந்தன. கண்கள் மட்டும் பழைய கண்கள். அவற்றில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வா தம்பி. என்னோடை வா. போவம்."

"ஏலாது அக்கா. சனம் இருக்கு." குரல் காய்ந்த ஓலை உரசுவதுபோல வந்தது. "அத்தான் எங்கை?"

அவளுக்குப் பொய் வரவில்லை. உண்மையும் வரவில்லை. வாயில் வந்தது கணவன் சொல்லிப்போன சொல்தான்.

"ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு போயிட்டார்."

பதினெட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

அவர்கள் அவளைக் கனநேரம் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் ஒரே பார்வை. இரக்கம். பிறகு, குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு பெண் பக்கத்தில் சற்று நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவள் நகர்ந்தாள். வரிசை முழுவதும், முனகாமல், மூட்டைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. ஓராளுக்கு இடம் வந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்வதுபோல, அந்தப் பெண் ஈர மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினாள்.

"ஒக்காருங்கம்மா," என்றாள்.