ஓட்டுப் போட வராதே, ஜெஸ்லின்!

செல்போன் அலறியது!

ஜெஸ்லின் எடுக்கவில்லை. கட்டிலின் மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்த அதை, பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அதே நம்பர்...

பிரான்சிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவள், ராயபுரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அக்கா மகளின் கல்யாணம் முடிந்து வாசல் பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சீரியல் விளக்குகள் பட்டப்பகலில் வேலை வெட்டி இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன.

கடைசியில் எடுத்தாள்.

"இன்னா மேடம்... நேத்து லாரி ஒரசுனது போதாதா?" கரகரத்த குரல். "வெள்ளிக்கெழம ஓட்டு போட பிரான்சுக்குப் போறியாமே? கம்முனு பதவிய வுட்டுட்டு வூட்ல குந்து. இல்லாங்காட்டி பொட்டியில அட்ச்சி அனுப்பிடுவோம்... பிரியுதா?"

லைன் செத்துப்போனது.

ஜெஸ்லினுக்கும் பாதி உயிர் போய்விட்டது. நேற்று அவள் வந்த ஆட்டோவை ஒரு டேங்கர் லாரி உரசிவிட்டுப் போனது. தற்செயல் என்று ஊரே சொன்னது. அவளும் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டாள். இப்போது அந்த ஆசையும் போயிற்று.

"மறுபடியும் அவனுங்களாக்கா?"

வாசலில் பெனிட்டோ. பிரான்சில் அவளுடைய கட்சிக்காரன், கல்யாணத்துக்குக் கூடவே வந்தவன். பிராந்திய கவுன்சில் தேர்தலில் அவள் ஜெயித்த அதே பட்டியலில் நின்றவன். அங்கே பட்டியலுக்குத்தான் ஓட்டு. கட்சி வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப மேலிருந்து வரிசையாகப் பதவி. பெனிட்டோவின் பெயர்வரை இடங்கள் எட்டவில்லை. அதற்காக ஒருநாளும் அவன் முகம் சுளித்ததில்லை. தங்கமான பையன் என்று அக்காவிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

"ராஜினாமா பண்ணிடுங்கக்கா. உயிரைவிடவா பதவி?"

"மாட்டேன்."

"பயத்துல உங்க உதடு ஆடுது!"

"ஆடட்டும். பயமாத்தான் இருக்கு. ஆனா கவுன்சில் தலைவர் செத்துப்போய் வெள்ளிக்கிழமை புதுத் தலைவரை எடுக்கறோம் பெனிட்டோ. அதை ஜனங்க எடுக்கறதில்ல, கவுன்சில் மெம்பருங்க நாங்கதான். நம்ம பக்கம் ஒரே ஒரு ஓட்டுதான் அதிகம். நான் போகலன்னா சமமாகி, வயசுல மூத்தவர்னு எதிர்க்கட்சி ஆளு தலைவராகிடுவாரு; அந்தக் கூட்டம் துறைமுகத்தைக் கெமிக்கல் கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துடும். மணலி ஃபேக்டரிப் புகையில இருமிக்கிட்டே வளர்ந்தவ நான். அங்கயும் குழந்தைங்க இருமணுமா?"

பெனிட்டோ அவளையே பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"அப்போ இன்னிக்கே கிளம்புங்க. நானே ஏர்போர்ட்ல விடறேன். பெட்டியை எடுத்து வண்டியில வைக்கறேன்."

அவன் பெட்டியைத் தூக்க, ஜெஸ்லின் பாத்ரூமுக்குள் ஓடினாள். வெளியே வர வெகுநேரமாயிற்று. கண்கள் சிவந்திருந்தன.

வாடகைக் கார் புறப்பட்டது. தெற்கே திரும்பவேண்டிய கார் வடக்கே திரும்பியது.

"ஏர்போர்ட் அந்தப் பக்கமாச்சே?"

"அந்த ரோட்லதான் காத்திருப்பானுங்க. மீஞ்சூர் போய் ரிங் ரோடைப் பிடிச்சிடலாம்."

புத்திசாலிப் பையன்! ஜெஸ்லின் சீட்டில் சாய்ந்தாள்.

திருவொற்றியூர் பின்னால் போனது. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை. மறுபக்கம் முடிவில்லாமல் கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு லாரி உறுமும்போதும் அவள் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது.

செல்போன் ஒலித்தது. துள்ளி விழுந்தாள். நல்லவேளை, ஷம்ஷாத்! வண்ணாரப்பேட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்பவள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோஸ்து. லாரிச் சத்தத்தில் காது கேட்கவில்லை; ஜெஸ்லின் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏய் ஜெஸ்ஸி! நான் போலீஸ் ஸ்டேசன்ல கீறேன்டி!"

"எதுக்குடி? வேணாம்னு சொன்னேனே!"

"நீ சொன்னா? ஒனக்கு ஒண்ணுன்னா நான் பாத்துகினு இருப்பேனா? இன்ஸ்பெக்டரு உச்சிமாகாளி சாருக்கு ஒண்ணும் பிரியல. நீ இன்னா வார்டு கவுன்சிலரா, சாக்கடை அடச்சா ஒன்னாண்டதான் வருவாங்களான்னு கேக்குறாரு. இந்தா, நீயே பேசு!"

இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. நிதானமான குரல்.

"வணக்கம்மா. உங்க பதவி நம்ம ஊர்ல எது மாதிரி? எம்.எல்.ஏ. மாதிரியா?"

"கிட்டத்தட்ட சார். ஆனா சட்டம் போடற அதிகாரம் கிடையாது. ரயில், ஹைஸ்கூல் கட்டடம், துறைமுகம்... இதெல்லாம் எங்க பொறுப்பு. துணைத்தலைவருங்க ஆளுக்கொரு துறையைப் பார்ப்பாங்க."

"தலைவர்தான் செத்துட்டாரே... வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை யாரு நடத்துவா?"

"இருக்கறதுலயே வயசான மெம்பர். ரகசிய ஓட்டு."

"சரி, நான் நம்ம ஊர் வழக்கப்படி யோசிக்கிறேன். மெம்பர் செத்தா இடைத்தேர்தல் வரும். எதிர்க்கட்சிக்காரன் நிப்பான், ஜெயிப்பான். அதுக்காக உங்களைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான். சரிதானே?"

"இல்ல சார், அங்க இடைத்தேர்தலே கிடையாது. மெம்பர் செத்தாலும் சரி, ராஜினாமா பண்ணாலும் சரி... எதிர்க்கட்சிக்கு அந்த இடம் போகாது. அதே பட்டியல்ல அடுத்த பேர் யாரோட..."

நாக்கு அப்படியே நின்றது.

அடுத்த பேர்!

இத்தனை நாள் கவுன்சிலில் உட்கார்ந்து விதியெல்லாம் கரைத்துக் குடித்தவள்... பயத்தில் இந்த ஒன்றை மட்டும் யோசிக்கவே இல்லை!

கியர் மேல் இருந்த பெனிட்டோவின் கை அசையவில்லை.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க?" சிரித்தான். "முடிங்க."

க்ளக்!

கதவுகள் பூட்டிக்கொண்டன. அவள் கையிலிருந்த செல்போனைப் பறித்துப் பின்சீட்டில் வீசினான். அது குப்புற விழுந்தது. அவசரத்தில் இணைப்பைத் துண்டிக்க மறந்தான். சீட்டு உறைமேல் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்ததை ஜெஸ்லின் மட்டும்தான் பார்த்தாள். மறுமுனையில், கத்தப்போன ஷம்ஷாத்தை உதட்டில் விரல் வைத்து இன்ஸ்பெக்டர் அடக்கியது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பெனிட்டோ... நீயா?"

"தலைவர் இடம் எனக்கு முந்தின பேருக்குப் போயிடுச்சு, அடுத்த பேர் நான்தான். உங்க இடத்துல வந்து அந்தக் கூட்டத்துக்கு ஓட்டுப் போட்டா நான் துணைத்தலைவர்க்கா. துறைமுகத் துறை! ஒரே ஒரு ஓட்டுக்கு! அந்த ஓட்டு உங்க கையில மாட்டிக்கிட்டு இருக்கு."

"அதுக்காகக் கொலையா?"

"மிரட்டிப் பார்த்தேனே! லாரியை விட்டு உரசச் சொன்னேன், போன்ல பேசச் சொன்னேன். ராஜினாமா பண்ணுங்கன்னு கெஞ்சினேன். கேட்டீங்களா?"

கார் வலப்பக்கம் திரும்பியது. ஜெஸ்லினின் வாயில் ஜெபம்கூட வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு கத்தல்தான்.

"நெட்டுக்குப்பம் ரோட்ல ஏன் திரும்பறே?"

"கத்தாதீங்க. எனக்குக் காது கேக்கும்."

அவனுக்கு மட்டுமல்ல...

ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் காரை ஓரம் கட்டினான். ஒரு பக்கம் கழிமுகம். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கி. சாலையின் அந்தக் கோடியில் ஒரு டேங்கர் லாரி, இன்ஜின் உறுமலோடு காத்திருந்தது.

"நான் போன் பேச இறங்கினேன். டேங்கருக்கு பிரேக் பிடிக்கல. பாவம், ஊருக்கு வந்த இடத்துல அக்காவுக்கு இப்படி ஆயிடுச்சு..." இப்போதே அழுவதுபோல முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டான். சாவியை உருவினான்.

ஜெஸ்லின் அழ ஆரம்பித்தாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

"வீணாக் கொலை பண்றே பெனிட்டோ... அந்த இடம் ஏற்கெனவே உன்னுது!"

"என்ன?"

"நீ பெட்டியை வைக்கப் போனியே... பாத்ரூம்ல உட்கார்ந்து ராஜினாமாவை மெயில்ல அனுப்பிட்டேன். பயந்துட்டேன்டா! வீராப்பாப் பேசிட்டு உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வெட்கமா இருந்தது..."

அவன் அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்தான். நடுங்கும் விரல்களைப் பார்த்தான். அந்த நடுக்கத்தை உண்டாக்கியவனே அவன்தானே! நம்பாமல் இருப்பானா?

"இப்ப நீதான் மெம்பர்," ஜெஸ்லின் விம்மினாள். "நான் உயிரோட வீட்ல இருந்தா, பயந்துபோய் விலகினான்னு ஊர் மறந்துடும். ராஜினாமா பண்ண அன்னிக்கே செத்தா? அங்க போலீஸ் முதல்ல யாரைப் பார்க்கும்? என் இடத்துல வந்து உட்கார்றவனைத்தானே!"

பெனிட்டோவின் முகம் வெளுத்தது.

தூரத்தில் டேங்கர் நகர ஆரம்பித்தது!

பாக்கெட்டிலிருந்து தன் போனை உருவினான். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினான்.

"நிறுத்து! வேணாம்! இடிக்காதே!"

"இன்னா சார், வெள்ளாட்றியா?" கரகரத்த குரல். "நீதானே காரோட சேத்து நசுக்க சொன்ன? ஸ்பீடு ஏத்திட்டேன்!"

"நான்தான்டா சொன்னேன்! இப்ப நானே சொல்றேன், நிறுத்துடா!"

டேங்கர் பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணாடி முழுக்க டேங்கர்... ஜெஸ்லின் கண்ணை மூடினாள்.

க்ரீ...ச்ச்ச்!

திறந்தபோது, லாரியின் முன்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் புகைந்துகொண்டு நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சைரன்! எண்ணூர் பக்கமிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு ரோந்து ஜீப். லாரி டிரைவர் குதித்து ஓடினான், சேற்றில் சிக்கினான். பெனிட்டோ காரை விட்டு இறங்கிய அடுத்த நொடி, இரண்டு கான்ஸ்டபிள்கள் அவன்மேல் இருந்தார்கள்.

சற்று நேரத்தில் உச்சிமாகாளியின் ஜீப்பும் வந்தது. அது நிற்பதற்குள் ஷம்ஷாத் குதித்து ஓடிவந்து ஜெஸ்லினைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னாடி இப்புடி பேஜாரு பண்ட்ட! என் உசுரே போயிட்ச்சி!"

"எனக்கும்தான்டி..." ஜெஸ்லின் அவள் தோளில் சாய்ந்தாள்.

"கையை எடுங்க!" பெனிட்டோ திமிறினான். "நான் யார் தெரியுமா? பிரான்ஸ்ல பிராந்திய கவுன்சில் உறுப்பினர்! இவங்க ராஜினாமா காலையிலயே போயிடுச்சு. கேட்டுப் பாருங்க!"

உச்சிமாகாளி திரும்பினார். "அப்படியாம்மா?"

ஜெஸ்லின் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ராஜினாமாவா? நானா?" என்றாள். "பாத்ரூம்ல பயத்துல வாந்திதான் சார் எடுத்தேன்."

பெனிட்டோவின் வாய் திறந்தது. மூடவில்லை.

"அப்போ... எனக்குப் பதவி?"

உச்சிமாகாளி விலங்கை மாட்டி, அன்போடு அவன் தோளில் தட்டினார்.

"கவலைப்படாதீங்க தம்பி. எங்க புழல் ஜெயில்ல பட்டியல், ரகசிய ஓட்டு, இழுபறி எதுவும் கிடையாது... நேரடி நியமனம்தான்!"