இரண்டு கண்ணிகள்

சர்வீஸுக்குப் போய் மூன்று வாரமாகியும் திரும்பி வராத வாட்ச்சின் சத்தம் அன்று மத்தியானம் வீட்டுக்குள் கேட்டது.

சமையலறைக் குழாய் சொட்டுகிறதோ என்று தம்பிக்காரன் போய் இறுக்கிப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றினான். மழைக்குச் சாத்திய ஜன்னல்கள், காயாத துணியின் வாடை, மோட்டார் நின்ற பிறகும் குழாய்களுக்குள் ஓடிய முனகல், இவை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து டிக், டிக் என்று வந்துகொண்டே இருந்தது. கார் ஷெட் பக்கமிருந்துதான். அந்தப் பக்கம் மட்டும் அவன் போகவில்லை.

அண்ணன் வெளிநாட்டு வேலையாகப் போயிருக்கிறான், வாட்ச்சைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தான். அவளும் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? அவன் பீரோவில் அதைப் பார்த்துவிட்டு, 'கொக்கி நெளிஞ்சிருக்கே, அவர் வரும்போது புதுசா இருக்கட்டும்' என்று சர்வீஸுக்கு அனுப்பிவிட்டாள். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அவன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

கொக்கி நெளிந்த கதை அவனுக்கு மட்டும்தான் தெரியும். சாகும்போது அப்பா மூத்தவன் கையில் கட்டிவிட்ட விலையுயர்ந்த வாட்ச். அதற்காகத்தான் ஷெட்டில் வாய்ச்சண்டை. கடப்பாரையால் மண்டையில் மூன்று அடி. அப்புறமும் அந்தத் தடித்த கையை விட்டு அது கழலவில்லை. சம்மட்டியால் மணிக்கட்டை நொறுக்கித்தான் உருவினான். அந்தச் சத்தம் இன்னும் பல்லில் கூசியது. அண்ணன்மேல் இப்போது புது சிமெண்ட் தரை. வாட்ச்சைக் கழுவினான்தான். ஆனால் வாட்ச் செயினின் கண்ணி இடுக்கில் எது ஒட்டியிருந்ததோ, மெக்கானிக் எதைப் பார்ப்பானோ என்று இந்த மூன்று வாரமும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன் அடித்தது. வாட்ச் மெக்கானிக்.

"சார், கண்ணி இடுக்குல ஏதோ கறுப்பா காஞ்சு அப்பியிருந்துச்சு. அழுக்குதான். சுத்தமா எடுத்தாச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றிங்க. கூரியர்ல அனுப்பிடுங்க."

"வாட்ச்சை உங்க அண்ணன் காலையிலேயே வந்து கட்டிட்டுப் போயிட்டாரே. கழட்டின ரெண்டு கண்ணியைத்தான் விட்டுட்டுப் போயிட்டார்."

தம்பி போனைக் காதோடு அழுத்தினான்.

"பாவம் சார், மணிக்கட்டுல எலும்பே இல்லாத மாதிரி தொங்குது. ரெண்டு கண்ணி எடுத்தப்புறம்தான் சரியா நின்னுச்சு. டாக்டரைப் பாருங்கன்னேன். தம்பி பாத்துப்பான்னார்."

டிக். டிக்.

"தம்பி!" ஷெட்டிலிருந்து அண்ணியின் குரல். "தரையைப் பாருங்களேன், எப்படி வெடிச்சிருக்கு!"

ஓடினான். அவள் பார்த்துவிடக் கூடாது. செருப்பில்லாத காலில் சிமெண்ட் சில்லுகள் குத்தின. தரை உள்ளிருந்து வெடித்திருந்தது. பள்ளத்தில் மழைத்தண்ணீர். வேறொன்றும் இல்லை. மூலையில் சாத்தியிருந்த சம்மட்டியும் இல்லை.

"என்னங்க..." அண்ணி அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "கைக்கு என்னாச்சு?"

திரும்பவில்லை. முடியவில்லை. ஈரத் துணி போல ஒரு கை அவன் மணிக்கட்டைச் சுற்றியது. இழுத்தது. தரையோடு அழுத்தியது. பளபளக்கும் வாட்ச். மண் அப்பிய விரல்கள்.

முதல் அடி விழுந்தது. இந்த முறை நொறுங்கியது அவன் எலும்பு.

அண்ணி அலறினாள். சம்மட்டி மறுபடி உயர்ந்தது, நிதானமாக, டிக்குக்கு டிக்.