மறதிக்காரி வந்த வீடு

வந்ததும் வராததுமாக ருக்குமணி கேட்டது செத்தவளின் செருப்பைத்தான். செங்கோடன் எடுத்துக் கொடுத்தான். அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தாள்.

அரசாங்கம் அவளுக்கு வைத்த பெயர் பழக்கநீக்குநர். கோவையில் எல்லோருக்கும் அவள் மறதிக்காரி. வீடுகளுக்கு இல்லறிவு வந்த பிறகு முளைத்த பிழைப்பு இது. குடியிருப்பவர்களின் நடையையும் மூச்சையும் கேட்டுப் பழகி, சொல்லாமலே எல்லாம் செய்துவைக்கும் இல்லறிவு. ஆள் போய்ச் சேர்ந்தாலும் விடிந்தால் வெந்நீர் போட்டுவிட்டுக் காத்திருக்கும். பாவம், அதற்கு யார் போய்த் துக்கம் சொல்வது?

செங்கோடனின் மனைவி மைனாவதி இறந்து வருடம் திரும்பப்போகிறது. இன்னும் அவளுக்காகக் குளியலறைக் கதவு திறக்கிறது, கட்டிலில் அவள் பக்கத்து விசிறி சுற்றுகிறது. ஆறு வயது மகிழினி, அம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான் செங்கோடன் மறதிக்காரியைக் கூப்பிட்டான்.

இப்படியும் ஒரு வேலையா என்று அவனுக்கு இருந்தது. செத்தவளைப் போலவே நடந்து, மூச்சுவிட்டு ருக்குமணி வீட்டை ஏமாற்றினாள். வீடு ஆசையாக ஏதாவது செய்ய வந்தால் வேண்டாம் என்றாள். திரும்பத் திரும்ப மறுத்ததும் வீடு விட்டுவிட்டது. வெந்நீர் போயிற்று. விசிறி நின்றது. மைனாவதியை மறுபடியும் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போவது போலிருந்தது அவனுக்கு.

கடைசியாக அழுகை. சமையலறை மூலையில் உட்கார்ந்து ருக்குமணி மெதுவாக விசும்பினாள். உடனே கூடத்தில் தொலைக்காட்சி அலறியது.

அது சாயங்காலங்களில் அலறுவது பழைய கோளாறு என்றும், மைனாவதி இருந்தபோதே ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டோம் என்றும் செங்கோடன் விளக்கினான்.

"கோளாறு இல்லீங்க. அழுகற சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு வூடு மறைக்குது" என்றாள் ருக்குமணி.

மைனாவதி இருந்தபோது அந்தச் சத்தத்தில்தான் அவன் தினமும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

ருக்குமணி மறுத்தாள். மறுபடி மறுத்தாள். அலறல் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள்.

"இத என்னால கலைக்க முடியாதுங்க. உசுரோட இருக்கற யாரோ இங்க உக்காந்து அழுதுட்டிருக்காங்க."

நான் அழுததே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், கதவருகே நின்ற மகளைப் பார்த்தான்.

"அம்மா செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் மகிழினி. "வூட்டுக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா அதுவும் அம்மாவ மறந்துபோடும்ல? அதான் ஒளிஞ்சுட்டு அழுதேன்."

குளியலறைக் கதவு மூடியே கிடந்தது. இனி அது மைனாவதிக்காகத் திறக்காது. குழந்தை அதைப் பார்த்துவிட்டு வாயைக் கோணினாள். கூடத்தில் சத்தம் இன்னும் ஏறியது.

செங்கோடன் ஓடிப்போய்த் தொலைக்காட்சியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். தன் மகள் அழுவதை அவன் அன்றுதான் கேட்டான்.