சொல்லிக்கொண்டு போனவர்கள்

கண்ணாடித் தட்டில் இருந்த இரண்டு நினைவகங்களுக்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. இரண்டும் சுண்டுவிரல் நகத்தின் அளவு, இரண்டும் சாம்பல் நிறம். கொள்ளளவும் ஒன்றுதான், தயாரித்த நிறுவனமும் ஒன்றுதான். ஒன்றின் முதுகில் ‘முகில் 7’ என்றும், மற்றதன் முதுகில் ‘முகில் 7உ’ என்றும் பொறித்திருந்தது.

“அந்த ‘உ’ எதுக்குங்க?” என்று கேட்டார் நவநீதன்.

“உடனெழுதி,” என்றாள் நஸ்ரின். துணைநினைவகம் பொருத்தும் அந்தக் கூடத்தின் பொறியாளர் அவள்.

கோயம்புத்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடைகளைவிட இப்படிப்பட்ட கூடங்கள் அதிகமாகிவிட்ட காலம் அது. பெயர் மறக்கிற வியாபாரிகளும் வசனம் மறக்கிற நடிகர்களும் காதுக்குப் பின்னால் ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். நவநீதனின் மனைவி சாருமதிக்கு அது வசதிக்கான பொருள் இல்லை. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அவள் தலையில் புதிதாக எதுவும் தங்குவதில்லை. பழைய வாழ்க்கை முழுவதும் பத்திரமாக இருந்தது, ஆனால் இன்று காலை என்ன சாப்பிட்டாள் என்பது இல்லை. இடுப்பில் கட்டியிருந்த பழைய பெட்டிதான் அவளுக்காக நினைவு வைத்துக்கொண்டிருந்தது. அதுவும் நிறையும் தறுவாயில் இருந்தது.

நஸ்ரின் விளக்கினாள். நினைவகத்துக்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலாபுறமும் அடைத்த சின்னத் தொட்டி. உள்ளே மின்துகள்கள் இருந்தால் ஒரு செய்தி, இல்லாவிட்டால் வேறொரு செய்தி. தொட்டிக்குக் கதவு கிடையாது, சுவர் வழியாகத்தான் துகள்களைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்கும் சுவர் கொஞ்சம் நைந்துபோகும். படிப்பதால் பெரிய சேதமில்லை, எழுத எழுதத்தான் ஆயுள் குறையும்.

“7உ கேக்கக் கேக்க எழுதிட்டே இருக்கும். அதனால சீக்கிரம் தேயும். எழுதற நேரத்துல ஏதாச்சும் ஞாபகம் வேணும்னா கொஞ்சம் நிறுத்தித்தான் குடுக்கும். சும்மா 7 அப்படியில்லீங்க சார். ஒரு பேச்சு முடியற வரைக்கும் சிலேட்டுல கிறுக்கி வெச்சுக்கும். முடிஞ்சதும் சுருக்கி ஒரே தடவை கல்வெட்டுல எழுதிரும். ஆயுசும் அதிகம், பதிலும் டக்குனு வரும்.”

“கரண்ட் போனா சிலேட்டு அழிஞ்சுருமே?”

“உடம்புச் சூட்டுலயே கரண்ட் எடுத்துக்குதுங்க. தலை ஸ்கேன் எடுக்கறப்ப மட்டும் அணைப்பாங்க. அதுக்குள்ள முடிஞ்ச பேச்செல்லாம் கல்வெட்டுக்குப் போயிருக்கும்.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “ஒண்ணு மட்டும் யோசிச்சுக்குங்க. உள்ள வெச்சா நரம்பு அதைச் சுத்தி வளந்துரும், அப்பறம் மாத்த முடியாது. தலைக்குள்ள இருக்கறதை வெளியிலிருந்து திருத்தவும் சட்டம் விடாது.”

நல்ல சட்டம்தான். ஒருவர் தலைக்குள் இன்னொருவர் கை வைக்க முடிந்தால் என்னவாகும் என்பதை உலகம் அதற்குள் ஒருமுறை பார்த்திருந்தது.

நவநீதன் மனைவியைப் பார்த்தார். இடுப்புப்பெட்டி பின்தங்கி ஓடியதால், சாருமதியின் பதில் எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் வரும். இப்போதும் வந்தது.

“மெதுவா இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. கேக்கறதை அப்பப்பவே எழுதிடற மாதிரி பாருங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான் சாரு,” என்றார் அவர். “இது நாள்பட உழைக்கும்.”

முகில் 7 பொருத்தப்பட்டது.

பழைய பெட்டியில் இருந்ததெல்லாம் கல்வெட்டுக்கு மாறியது. சாருமதியின் தயக்கம் ஒரே வாரத்தில் மறைந்தது. கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னாள், சரிக்குச் சரி சண்டைக்கு நின்றாள், தொலைபேசியில் அக்கா வினோதினியோடு சேர்ந்து ஊரையே கேலி செய்தாள். பம்புசெட்டு கம்பெனியில் நடந்த நவநீதனின் பணி ஓய்வு விழாவில் ஒலிபெருக்கியை வாங்கி, “இனி பம்புசெட்டு தப்பிச்சுது, நான்தான் மாட்டிக்கிட்டேன்,” என்று சொல்லி மண்டபத்தையே சிரிக்கவைத்தாள். நல்லதைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று அன்று அவர் நினைத்தார்.

அதன்பின் வருடாந்திரத் தலை ஸ்கேன் வந்தது. முறைப்படி துணைநினைவகத்தை அணைத்தார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி இயக்கினார்கள். மருத்துவமனை வாசலில் கார் ஏறும்போது சாருமதி கேட்டாள்: “ஏனுங்க, வேலை நாளாச்சே. நீங்க கம்பெனிக்குப் போகலீங்களா?”

மறுநாள் நஸ்ரின் அந்த நினைவகத்தின் கல்வெட்டைத் திரையில் விரித்துப் பார்த்தாள். பொருத்திய நாளிலிருந்து எழுதப்பட்டவை மிகக் கொஞ்சமாக இருந்தன. பெரியப்பா இறந்த வீட்டில் பேசிய பேச்சு இருந்தது. எதிர்வீட்டுக்காரியின் மாமனார் காரியத்தில் பேசியது இருந்தது. தண்ணீர்த் தொட்டி விவகாரத்தில் மாடிவீட்டுக்காரரோடு போட்ட சண்டை, சொல் விடாமல் முழுசாக இருந்தது. வாசலிலேயே துரத்தப்பட்ட காப்பீட்டு முகவர் ஒருவரும் இருந்தார். ஓய்வு விழா, வால்பாறைப் பயணம், அக்கா பேத்திக்குப் பெயர் வைத்த நாள் எல்லாம் போயிருந்தன.

“இதெல்லாம் சிலேட்டுலயே இருந்துருக்குதுங்க சார்,” என்றாள் நஸ்ரின். “ஒண்ணு கூட முடியல.”

“எப்படி முடியாம இருக்கும்?”

அவள் எழுதப்பட்டிருந்த ஒவ்வொரு பேச்சின் கடைசி வரியையும் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு, “வீட்டைவிட்டுக் கிளம்பறப்ப என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டாள்.

“போயிட்டு வர்றேன்னுதான். வேறென்ன சொல்லுவாங்க?”

“அதானுங்க சார்.”

பேச்சு எப்போது முடிகிறது என்பதை ஓர் எந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது எளிதல்ல. மௌனத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் தம்பதிகள் மணிக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, விட்ட இடத்திலேயே தொடர்வார்கள். அதனால் வடிவமைத்தவர்கள் விடைபெறும் முறையைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் பேச்சு முடிந்தது. போகிறேன் என்றாலும் முடிந்தது. திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தால் மட்டும் முடியவில்லை என்று பொருள், சிலேட்டு காத்திருக்க வேண்டும். எங்கோ இருந்த அவர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். இங்கேயோ, வருகிறேன் என்று சொல்லாமல் மனிதர்கள் கிளம்புவது இழவு வீட்டிலிருந்துதான். அல்லது கோபத்தில்.

எந்திரத்தின் கணக்கில், நவநீதனும் சாருமதியும் அத்தனை நாளும் பேசியது ஒரே ஒரு பேச்சு. அது கடைசிவரை முடியவே இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கினார். சாருமதி குறுக்கிடாமல் கேட்டாள்.

“அந்த இன்னொண்ணு இருந்துருந்தா இதெல்லாம் போயிருக்காதுங்களா?”

“போயிருக்காது.”

“அப்பப்பவே எழுதறதைப் பாருங்கன்னு நான் சொன்னேன். அது பழைய பெட்டியில இருந்து வந்துருக்குது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்க.”

“ஆயுசு அதிகம்னுதான் சாரு...”

“எனக்காக எடுத்தீங்களா, உங்களுக்காக எடுத்தீங்களா?”

பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம் அவருக்கு நினைவு வந்தது. யாரோ சாருமதியிடம் ஏதோ கேட்க, அவள் பதில் வருவதற்குள் பந்தியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதே கேள்வியை அவரிடம் கேட்டார்கள், அவள் பக்கத்திலேயே இருக்கும்போது. அன்று அவருக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சல்தான் நினைவகத்தைத் தேர்ந்தெடுத்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார். ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

கல்வெட்டில் அது உடனே எழுதப்பட்டது.

அதன்பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. ‘போறேன்’ என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அதனால் எல்லோரும் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பப் பழகினார்கள். வினோதினி பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, பேசிச் சிரித்து, தங்கை வேறு பக்கம் திரும்பும் நேரம் பார்த்து செருப்பை மாட்டிக்கொண்டு நழுவுவாள். முதல் நாள் தெருமுனைவரை போய் நின்று அழுதாள். நவநீதன் காய்கறி வாங்கப் போனாலும் அப்படியே போனார். காரணம் சாருமதிக்குத் தெரியும். தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் வெறும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். இப்போது அவளுக்கு எல்லாமே நினைவிருந்தது. எல்லா நாளும் இழவு வீட்டு நாள்போல முடிந்தது என்பதும் நினைவிருந்தது. கணவனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். காரில் பின் இருக்கையில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஸ்கேன் வந்தது. காந்த அறைக்கு முந்தைய சிறிய அறையில் அவளுக்குப் பச்சை அங்கி கொடுத்திருந்தார்கள். கூட வந்தவர் அதுவரைதான் இருக்கலாம். நவநீதன் எழுந்தார், கதவுவரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அன்னிக்குக் கேட்டியே,” என்றார். “எனக்காகத்தான் எடுத்தேன். பொள்ளாச்சிக் கல்யாணத்துல நீ யோசிச்சுட்டு நின்னப்ப, எனக்கு வெக்கமா இருந்துச்சு. உன்னை நெனச்சு இல்ல. என்னைப் பாத்துப் பாவப்படறாங்களேன்னு.”

சாருமதி அங்கியின் நாடாவை முடிந்துகொண்டே இருந்தாள்.

“இதைச் சொல்ல ஒரு வருசமாச்சுங்களா?”

“ஆச்சு.”

“அந்தக் கல்யாணத்துல எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு,” என்றாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “விடுங்க. எனக்கு இப்பக் கோவம் இல்ல. நெசமா இல்ல.”

உள்ளிருந்து செவிலி அழைத்தார். நவநீதன் எழுந்தார். இப்போது ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தால் போதும். அவர் சொன்னதும் அவள் சொன்னதும் கல்லில் ஏறிவிடும். அவள் அவர் கையை விடவில்லை.

“சொல்லிட்டுப் போங்க.”

“சாரு, சொன்னா இது நிக்காது. இப்பப் பேசுனது அத்தனையும்...”

“தெரியுமுங்க. ஆஸ்பத்திரியில ஒரு மெஷினுக்குள்ள போறேன். இன்னிக்குமா சொல்லாம போவீங்க? எனக்குப் பயமா இருக்குது.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“போயிட்டு வர்றேன், சாரு,” என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

படம் எடுத்து முடிந்ததும் சேலைக்கு மாறி வந்தாள். வெளி நாற்காலியில் இருந்த நவநீதன் எழுந்து நின்றார். அவளுடைய முகம் அந்த ஒரு வருடமாக இருந்த முகமாகவே இருந்தது.

“இந்தத் தடவையும் சொல்லாமத்தானுங்களே போனீங்க?”

“சொல்லிட்டுத்தான் போனேன்.”

“எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லீங்க.” இரண்டடி நடந்தவள் நின்றாள். நினைவில்லை என்பதே அவர் சொன்னதற்குச் சாட்சி என்பது அவளுக்கும் புரிந்தது. திரும்பினாள். “அப்ப ஏதோ பேசிருக்கோம். என்ன பேசுனோமுங்க? நான் என்ன சொன்னேன்?”

மன்னித்துவிட்டாய் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் மன்னிப்பு வாங்கியவனே வந்து சாட்சி சொன்னால் அது எப்படிக் கேட்கும்? முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும், அந்தப் பந்தியிலிருந்து. ஒரு வருடம் சேர்த்துவைத்த துணிவை அவர் அந்தச் சிறிய அறையிலேயே செலவழித்துவிட்டிருந்தார்.

“சீக்கிரம் வரச் சொன்னே,” என்றார்.

சாருமதி தலையசைத்தாள். கார் நின்ற இடத்துக்குப் போய், பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.